பயணத்தில் இருப்பவனிடம் சொல்லக்கூடாத சேதி

அனுப்புநர்:
மு. வசந்த்குமார் (வயது 41),
த/பெ. காலஞ்சென்ற முனியன்,
எண் 2/61, காலனி, மானாம்பதி கிராமம்,
உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அவர்கள்,
காப்பீட்டுக் குறைதீர்ப்பு அலுவலகம்,
சென்னை.

பொருள்: கிரெடிட் கார்டுடன் வழங்கப்பட்ட பயணக் காப்பீடு – தந்தையின் இறப்பால் பயணம் பாதியில் நின்றது – கோரிக்கை நிராகரிக்கப்பட்டது – என் அக்காள் திருமதி அம்முலு அவர்கள் “தவறான தகவல் அளித்தவர்” என்று குறிக்கப்பட்டது – இரண்டையும் மறுபடி பார்த்து உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. காப்பீட்டு நிறுவனத்தின் நிராகரிப்புக் கடிதம், நாள் 19.06.2025.
2. என் மேல்முறையீட்டுக்கு வந்த மின்னஞ்சல் பதில், நாள் 08.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனு சற்று நீளமாக இருக்கும். இதற்கு முன் சுருக்கமாக எழுதிய இரண்டு மனுக்களுக்கும் சுருக்கமான பதில்தான் வந்தது. ஆகவே இம்முறை எதையும் விட்டுவிடாமல் எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக இருக்கிறேன். அளவில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பாகத்தின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்குவது என் வேலை. ஒரு ஷிப்டுக்கு முப்பது சீட்டாவது ஒட்டுவேன். எனவே நிராகரிப்பு என்ற சொல்லைக் கண்டதும் பதறிப்போய் மனு எழுதுகிற ஆள் நான் இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் சீட்டு ஒட்டும்போது எந்த அளவு, எவ்வளவு தவறு என்று அதில் எழுத வேண்டும். எழுதாமல் ஒட்டினால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

2. மேற்படி கிரெடிட் கார்டு, எங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் ஆட்கள் கேன்டீன் வாசலில் மேசை போட்டுக் கொடுத்தது. துண்டுப் பிரசுரத்தில் “பயணம் பாதியில் நின்றாலும் கவலை இல்லை” என்று தமிழில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எப்போதெல்லாம் கவலைப்பட வேண்டும் என்பது முப்பத்தெட்டுப் பக்க ஆங்கிலப் புத்தகமாக மின்னஞ்சலில் வந்தது. ஓர் இயந்திரப் பாகத்தின் வரைபடம் கையில் வந்தால் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்துவரை படிக்கிற நான், அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அது என் குற்றம். அதற்காக இங்கே வாதாடவில்லை.

3. என் மனைவி தேவயானி அங்கன்வாடி உதவியாளர். எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. பனி மூடிய மலையை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் திருமணமான புதிதில் ஒருமுறை சொன்னார். அதற்குப்பிறகு சொல்லவில்லை, ஆனால் எனக்கு மறக்கவில்லை. இந்த ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி ஆறு நாள் பயணமாக சிக்கிமில் உள்ள கேங்டாக் சென்றோம். விமானம், விடுதி, வண்டி எல்லாம் முன்பணம், திரும்பக் கிடைக்காத வகை. என் தந்தையார் முனியன், வயது எழுபது, விவசாயக் கூலி. அவரையும் அழைத்தோம். அங்கே நெல் விளையுமா என்று கேட்டார். விளையாது என்று நினைக்கிறேன் என்றேன். அப்படியானால் அங்கே வந்து என்ன பார்ப்பது என்று சொல்லி, நவரைப் பட்டத்து நடவுக்கு வயலில் அண்டை வெட்டப் போய்விட்டார். அவருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் கிடையாது. ஆகவே பழைய நோய் என்கிற விதி இங்கே பொருந்தாது. நிறுவனமும் அதைச் சொல்லவில்லை.

4. பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. அன்றுதான் பனி இருக்கும் ஏரிக்குப் போக வேண்டிய நாள். காலை ஏழு இருபதுக்கு, வாடகைக்கு எடுத்த முழங்கால் பூட்சை தேவயானி மாட்டிக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து என் அக்காள் அம்முலு போன் செய்தார். அக்காள் எனக்கு ஏழு வயது மூத்தவர். கணவர் விட்டுச் சென்றபின் பல ஆண்டுகளாகத் தந்தையாருடன் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவர், நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் செல்பவர். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் தருகிறேன்: “நைனாவுக்கு ஒடம்பு சொகமில்லடா. பயப்படற மாரி ஒண்ணும் இல்ல, மாத்திர போட்டுக்கினு படுத்துக்கினு கீறாரு. நீங்க ரெண்டு பேரும் கெளம்பி வந்துடுங்க.”

உண்மையில் என் தந்தையார் அன்று அதிகாலை ஐந்து பத்துக்கே இறந்துவிட்டார். பம்புசெட்டில் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அக்காள் எனக்குப் போன் செய்தபோது அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

5. நான் காப்பீட்டின் உதவி எண்ணை அழைத்தேன். காலை ஒன்பது நாற்பது. தமிழ் பேசும் ஒருவரிடம் இணைத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார். யாருக்கு உடம்பு சரியில்லை, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் சொன்னது: “அப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான் சார். வீட்டில்தான் இருக்கிறார், சேர்க்கவில்லை.” இது அவர்களுடைய ஒலிப்பதிவில் இருக்கிறது. அக்காள் காய்ச்சல் என்றுகூடச் சொல்லவில்லை. அந்தச் சொல் நானாகச் சேர்த்தது. நிறுவனம் இதைக் கவனிக்கவில்லை, தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஒரு பதிவு எண் குறுஞ்செய்தியாக வரும், அது வந்தபின் அதே விமான நிறுவனத்தில் டிக்கெட்டை மாற்றினால்தான் பரிசீலிக்க முடியும், முன்னதாக மாற்றினால் முடியாது என்று அவர் கூறினார். நானும் தேவயானியும் பெட்டிகளோடு விடுதியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். பதினான்கு இலக்கம் கொண்ட அந்த எண் பகல் பன்னிரண்டே காலுக்கு வந்தது. மலையிலிருந்து விமான நிலையத்துக்கு ஐந்து மணி நேரப் பாதை. ஒன்பதரைக்கே புறப்பட்டு, கையிலிருந்ததைப் போட்டு வேறு டிக்கெட் எடுத்திருந்தால், அன்று மாலை விமானத்தைப் பிடித்து இரவுக்குள் சென்னை சேர்ந்திருக்கலாம். விடியுமுன் வீட்டில் இருந்திருப்பேன். மறுநாள்தான் டிக்கெட் மாற்றிக் கிடைத்தது.

6. 12-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருமுனையில் இறங்கினேன். அதுவரை யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. வாடகை நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். எனக்காக ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, அதற்குமேல் முடியாமல் பகல் ஒன்றரைக்கு எடுத்துவிட்டார்கள். மகன் செய்ய வேண்டியதை என் சித்தப்பா மகன் செய்தார். என் தந்தையாரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

7. பயணத்தில் நான்கு நாட்கள் மீதமிருந்தன. அதற்காக மார்ச் மாதம் கோரிக்கை அனுப்பினேன். பார்வை 1-இல் கண்ட கடிதத்தில் நிறுவனம் கூறும் காரணங்கள் இரண்டு. நான் அகராதி வைத்துத் தமிழாக்கியது இது:

(அ) “உறவினரின் சாதாரண உடல்நலக் குறைவு, மருத்துவமனையில் சேர்க்கப்படாத நிலையில், பயணத் தடைக்கான காரணமாக ஏற்கப்படாது.”

(ஆ) “இறப்பு என்பது அழைப்பின்போது காரணமாகத் தெரிவிக்கப்படவில்லை. அழைப்புக்கு நான்கு மணி நேரம் முன்பே இறப்பு நிகழ்ந்திருப்பதால், அழைப்பில் கூறியது உண்மைக்குப் புறம்பானது. தகவல் அளித்தவரான காப்பீடுதாரரின் சகோதரி, தவறான தகவல் அளித்ததை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார்.”

காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டால் காய்ச்சல் போதாது. சாவு என்று எடுத்துக்கொண்டால் நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரே பாகத்துக்கு நீளம் அதிகம் என்றும் நீளம் குறைவு என்றும் இரண்டு சீட்டு ஒட்ட முடியாது.

மற்ற வரம்புகளை நான் ஏற்கிறேன். மொத்த உச்சவரம்பு ஐம்பதாயிரம் ரூபாய் என்பதை ஏற்கிறேன். உத்திரமேரூர் ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுத்த முன்பணம் கார்டில் போகாததால் அதற்குக் காப்பீடு இல்லை என்பதும் சரி. மனைவியின் பங்குக்குப் பாதிதான் என்பதும், பூட்ஸ் வாடகை சேராது என்பதும் சரி. பணமே வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. அந்தப் பயணத்தின் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பணத்துக்காக மட்டும் என்றால் இந்நேரம் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன் ஐயா.

8. எங்கள் பக்கத்தில் வெளியூரில் இருப்பவரிடம், வழியில் இருப்பவரிடம், சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள். உடம்பு சரியில்லை, கிளம்பி வா என்பார்கள். காலனியிலும் அப்படித்தான், ஊரிலும் அப்படித்தான். தங்கள் அலுவலகத்தில் கிராமத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். வந்து சேரும்வரை அந்த ஆள் வண்டி ஏற வேண்டும், இறங்க வேண்டும், ரோட்டைக் கடக்க வேண்டும், சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கைகால் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்வது இது.

எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் ஊர்க்காரர் வீட்டில் சாவு விழுந்தால் உறவுக்காரர் ஊர்களுக்கு நடந்துபோய்ச் சேதி சொல்லும் வேலை காலனிக்காரர்கள் மேல் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல முடியாது. என் தந்தையார் பதினான்கு வயதிலிருந்து அதைச் செய்தவர். விடியலில் கிளம்பி காஞ்சிபுரத்துக்கு அப்பால் கூரம்வரைகூடப் போயிருக்கிறார். சேதி சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் நின்று படி நெல் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒருமுறை ஏரிக்கரையில் சைக்கிளில் எதிரே வந்தவரிடம், அவருடைய தாய் இறந்ததை நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார். அந்த மனிதர் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அடி யாருக்கு விழுந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப்பின் என் தந்தையார், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அந்த வேலையையே விட்டுவிட்டார். ஆனால் எங்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லி வைத்தார். சொந்தவீட்டு வாசலில் இரண்டு காலும் தரையில் ஊன்றி நிற்கும்வரை ஒருவனிடம் சாவைச் சொல்லக் கூடாது.

அக்காள் அந்தச் சொல்லைத்தான், சொன்னவர் வாசலில் கிடந்த அன்று காப்பாற்றினார். அவர் தந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அழாத குரலில், மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறார் என்று என்னிடம் சொன்னார். அது எவ்வளவு கஷ்டம் என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

9. இந்தப் பத்தி எனக்குப் பாதகமாக முடியலாம். இருந்தும் எழுதுகிறேன்.

நிறுவனத்துக்கு எழுதிய இரண்டு மனுக்களிலும் “தந்தை இறந்தது எனக்குத் தெரியாது” என்று எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. நான் இந்த ஊரில் பிறந்தவன். “கெளம்பி வந்துடு” என்று யாராவது போனில் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அக்காள் அதைச் சொன்ன உடனே நான் பெட்டியை எடுத்துத் திறந்தேன். தேவயானி ஒன்றும் கேட்காமல் பூட்சைக் கழற்றத் தொடங்கினார். எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்படியானால் உதவி எண்ணில் ஏன் காய்ச்சல் என்று சொன்னாய் என்று கேட்பீர்கள். சாவு என்று என் வாயால் முதலில் சொல்வதற்கு எனக்குத் துணிவு வரவில்லை ஐயா. ஏன் அந்த எண்ணுக்காக இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய் என்றும் கேட்கலாம். அவசரப்பட்டுக் கிளம்பினால் அவர் போய்விட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். காய்ச்சல்காரர் வீட்டுக்குப் போகிறவன்போல நிதானமாக, விதிப்படி, எண் வாங்கி, டிக்கெட் மாற்றி வந்தால், அதுவரை அவர் படுத்திருப்பார் என்று மனம் கணக்குப் போட்டது. அது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பேன்.

கோரிக்கைப் படிவத்தில் “இறப்பு தெரிந்த நேரம்” என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலை ஏழு இருபதா, மறுநாள் மாலை ஐந்தா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

10. ஏப்ரல் மாதம் நிறுவனத்தின் சார்பில் திரு. தினகரன் என்ற விசாரணையாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது வேலையில் இருந்தேன். அவர் முறை தவறி எதுவும் செய்யவில்லை. அக்காள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். தம்பியிடம் என்ன சொன்னீர்கள், அப்போது அப்பா உயிரோடு இருந்தாரா என்று கேட்டிருக்கிறார். அக்காள் சொன்ன பதிலை அருகில் இருந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள்: “இல்ல சார், அப்பவே போய்ட்டாரு. புள்ள அம்மாந்தொலவுல கீறான், வழியில அவனுக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது?”

அவர் எழுதிக்கொண்டது இந்தப் பதிலின் முதல் பாதியை. இரண்டாம் பாதி கேள்வியாக இருந்ததால் விட்டுவிட்டார்போலும். வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் கீழே அக்காள் கையெழுத்துப் போட்டார். அவர் அறிவொளி வகுப்பில் எழுதப் பழகியவர். தன் பெயரின் நான்கு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதுவார். கைநாட்டு வைக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அந்தக் கையெழுத்தை எதற்குக் கீழே போட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

11. ஜூன் மாதம் கடிதம் வந்தபோது நான் ஒரு தவறு செய்தேன். அதை வாசலில் உட்கார்ந்து தேவயானிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். அக்காள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டார்: “அப்ப நான் சொன்னதாலதான் உனுக்கு அது வர்ல. நைனா மூஞ்சியயும் நீ பாக்கல. அப்டித்தானடா?”

இல்லை அக்கா என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், ஆனால் ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. போனைத் தொடுவதில்லை. மணி அடித்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். பேச்சும் குறைந்துவிட்டது. விசேஷம் ஒன்று வந்தால் தெரு முழுக்கப் பேசிக் களைப்பவர் அவர்.

12. ஆகஸ்டு மாதம் பக்கத்து வீட்டு பவளம் அம்மாளின் கணவர் இறந்தார். அவர்கள் மகன் வரதன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். எங்கள் தெருவில் இப்படிப்பட்ட போனை எப்போதும் அக்காள்தான் பேசுவார். அவர் குரலில் பதற்றம் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். பவளம் அம்மாள் எண்ணைப் போட்டு போனை அக்காளின் காதிலேயே வைத்துவிட்டார். மாட்டேன் என்று சொல்ல அக்காளுக்கு இடமில்லை. நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன். அவர் சொன்னது இதுதான்: “வரதா, ஒங்கப்பா செத்துட்டாரு. காலைல நாலே கால். எழுதி வெச்சிக்கோ, பின்னால கேப்பாங்க.”

வரதன் செருப்புகூடப் போடாமல் பஸ் ஏறியிருக்கிறான். வழி முழுக்கக் கத்தி அழுதுகொண்டு வந்திருக்கிறான். நடுவில் ஒரு நிறுத்தத்தில் எதற்கோ இறங்க, பஸ் போய்விட்டது. போனும் பையும் பஸ்ஸோடு போய்விட்டன. எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரியாமல் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனை யாரோ புண்ணியவான் வேறு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். மறுநாள்தான் வந்து சேர்ந்தான். நல்லவேளை, காயம் எதுவும் இல்லை, அடக்கமும் அவனுக்காகக் காத்திருந்தது. பவளம் அம்மாள் அக்காளைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். தெருவிலும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காளுக்கு அழவாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

காப்பீட்டு நிறுவனத்தின் விதி பாலிசி எடுத்த என்னோடு நின்றிருந்தால் சரி. பாலிசி எடுக்காத வரதனையும் அது தெருவில் நிறுத்திவிட்டது.

13. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்காளிடம், கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னேன். மேல்முறையீட்டில் என் பக்கம் தீர்ப்பாகிவிட்டது, பணத்தை பேங்கிலேயே தவணைக்குக் கழித்துக்கொண்டார்கள், அக்காள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்று தனியாக எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.  அவர், அந்தக் காகிதத்தைக் காட்டு என்றார். முத்திரை போட்ட ஆங்கிலக் காகிதம் என் கையில் ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று இரவு அக்காள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் பவளம் அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. போன மாதம் எங்கள் தெருவில் இன்னொரு சாவு. அக்காள்தான் போன் பேசினார். உடம்பு சரியில்லை, பயப்படாதே, கிளம்பி வா என்று பழையபடி சொன்னார். அந்தப் பையன் பத்திரமாக வந்து வாசலில் இறங்கினான்.

மேல்முறையீட்டுக்கு உண்மையான பதில் செப்டம்பர் 8-ஆம் தேதி வந்தது. முந்தைய முடிவில் மாற்றம் இல்லை என்று ஒரே வரி.

14. இதற்கிடையில் நான் போகாத இடம் இல்லை. வங்கியில் கேட்டால் காப்பீடு கொடுப்பது நாங்கள் இல்லை என்கிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் கேட்டால் பாலிசி வங்கியின் பெயரில் இருக்கிறது, நீங்கள் அதில் பயனாளி மட்டுமே என்கிறார்கள். திங்கட்கிழமை மனுநாளில் காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகம் போய் வரிசையில் நின்றேன். படித்துப் பார்த்துவிட்டு, இது எங்கள் எல்லைக்குள் வராது, குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஒவ்வொரு இடத்திலும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தங்களைவிட்டால் எழுத வேறு முகவரி என்னிடம் இல்லை.

15. ஆகவே நான் வேண்டுவது:

பயணம் நின்றது என் தந்தையின் இறப்பால்தான் என்பதற்குச் சான்றிதழ் இருக்கிறது. போனில் என்ன சொல்லப்பட்டது என்பதை வைத்துப் பயணம் எதனால் நின்றது என்று முடிவு செய்ய வேண்டாம். வரம்புக்கு உட்பட்ட தொகை எதுவோ அதை வழங்க உத்தரவிட வேண்டும்.

அதைச் செய்ய விதி இடம் தராவிட்டால், காய்ச்சல் என்று சொன்ன பொய் என்னுடையது என்று என் பெயரில் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் “தகவல் அளித்தவர் தவறான தகவல் அளித்தார்” என்ற வரியை மட்டுமாவது நீக்கச் செய்ய வேண்டும். அக்காள் செய்ததில் பிழை இல்லை என்று தமிழில் இரண்டு வரி, ஒரு முத்திரையோடு கிடைத்தால் போதும். நான் ஏற்கெனவே அப்படி ஒரு கடிதம் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை மெய்யாக்க நாட்டில் இப்போது தங்களால் மட்டும்தான் முடியும்.

முடிவு எதிராக இருந்தால், தபாலை வீட்டுக்கு அனுப்பாமல் இந்த உறையின் மேல் எழுதியிருக்கும் தொழிற்சாலை முகவரிக்கு, பாதுகாப்பு அறை மூலம் என் பெயருக்கு அனுப்ப வேண்டுகிறேன். தொலைபேசியில் அழைக்க நேர்ந்து, எடுப்பது பெண்குரலாக இருந்தால், தவறான எண் என்று சொல்லி வைத்துவிடும்படி தங்கள் அலுவலகத்தாரிடம் சொல்லி வையுங்கள் ஐயா. அதைப் பொய் என்று கோப்பில் யாரும் குறிக்க வேண்டியதில்லை.

தங்கள் வேலைப்பளுவுக்கு நடுவே இவ்வளவையும் படித்திருந்தால் அதற்கே என் நன்றி உரியது. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இடம்: மானாம்பதி
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மு. வசந்த்குமார்

இணைப்புகள்:
1. தந்தையின் இறப்புச் சான்றிதழ், நகல்.
2. விமானம், விடுதி ரசீதுகளும் கிரெடிட் கார்டு பட்டியலும், நகல்.
3. பதிவு எண் வந்த குறுஞ்செய்தி, அச்சிட்டது.
4. மேல்முறையீட்டுக்கு வந்த பதில் மின்னஞ்சல், அச்சிட்டது.
5. நிராகரிப்புக் கடிதம், நாள் 19.06.2025, கைப்பேசியில் எடுத்த படத்தின் அச்சு மட்டும். விசாரணையின்போது அசலைக் காட்ட வேண்டும் என்று தங்கள் படிவத்தில் கண்டிருக்கிறது. அசலை என் அக்காள் கண்ணாடிச் சட்டம் போட்டு என் தந்தையாரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, தினமும் பூ வைக்கிறார். அதைக் கழற்றித் தரும்படி அவரிடம் கேட்க என்னால் இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.